சுங்கத் தீர்வை மீளளிப்பு: பத்திரம் வைத்திருப்பவருக்கே பணம்

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2026ஆம் ஆண்டு பெப்ரவரி 20ஆம் நாள் வழங்கிய தீர்ப்பொன்று நம் மக்களின் மளிகைக் கடைகளையும் சேலைக் கடைகளையும் ஆலயங்களையும் தமிழ்ப் பள்ளிகளையும் நேரடியாகத் தொடுகின்றது. 1977ஆம் ஆண்டின் சர்வதேச அவசரகாலப் பொருளாதார அதிகாரங்கள் சட்டம், இறக்குமதித் தீர்வை விதிக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு வழங்கவில்லை என்று நீதியரசர் அறுவர் கூறினர், மூவர் மாறுபட்டனர். அச்சட்டத்தின் பெயரால் 2025 பெப்ரவரி முதல் வசூலிக்கப்பட்ட மேலதிகத் தீர்வைக்குச் சட்ட அடிப்படை இருக்கவில்லை என்பதே இதன் பொருள்.

உரிமைப் போராட்டங்களையும் மொழிக் கல்வியையும் பற்றி வழமையாக எழுதிவரும் இத்தளம் சுங்கப் பத்திரங்களைப் பற்றி எழுத முற்படுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், செலுத்த வேண்டாத பணத்தைச் செலுத்தியவர் அதனைத் திரும்பப் பெறுவதும் ஓர் உரிமையே. அவ்வுரிமையை நம்மவருட் பெரும்பாலோர் இழந்துவிடக்கூடும் என்ற அச்சமே இவ்வாசிரியவுரைக்குக் காரணம்.

தீர்ப்பு வெளிவந்த அன்று நம் கடைகளில் பேசப்பட்டது ஒன்றே: "இனிக் காசு திரும்பி வரும்." வரலாம். ஆனால், வசூலித்த பணத்தை எவ்வாறு திருப்பித் தருவது என்பதைப் பற்றி அத்தீர்ப்பு எதுவும் கூறவில்லை. அந்தப் பணி நியூயோர்க்கிலுள்ள சர்வதேச வணிக நீதிமன்றத்தையும் சுங்கத் திணைக்களத்தையும் சார்ந்ததாயிற்று. இத்தகைய நிலை முன்னரும் ஏற்பட்டதுண்டு. துறைமுகப் பராமரிப்பு வரியை ஏற்றுமதிப் பொருள்கள் மீது விதிப்பது அரசியலமைப்புக்கு முரண் என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, அப்பணம் உரியவர் கைக்குப் போய்ச் சேர ஆண்டுகள் சென்றன. பத்திரங்களை ஒழுங்காக வைத்திருந்தவர் முன்னே சென்றனர், ஏனையோர் தேடிக்கொண்டிருந்தனர்.

இவ்வழக்கைத் தொடுத்தவர் யார் என்பதையும் நம் இளையோர் அறிய வேண்டும். பெரும் வணிக நிறுவனங்கள் அல்ல. இலினொய் மாநிலத்தில் குழந்தைகளின் கல்வி விளையாட்டுப் பொருள்களை விற்கும் ஒரு குடும்ப நிறுவனமும், நியூயோர்க்கில் வைன் இறக்குமதி செய்யும் ஒரு சிறு குடும்ப வணிகமும், அவர்களையொத்த சிலரும் நீதிமன்றப் படியேறினர். கொஸ்ட்கோ போன்ற பெருநிறுவனங்கள் 2025இன் இறுதியிலேதான் தம் பணத்தைக் காக்க வழக்குப் பதிந்தன. சிறியவர் வென்றெடுத்த உரிமையைப் பெரியவர் மட்டும் அனுபவித்து முடிப்பது நேர்மையான விளைவாகாது.

எவ்வளவு பணம் இதில் அடங்கியுள்ளது? இந்தியப் பொருள்கள் மீது 2025 ஏப்ரல் 5 முதல் 10 விழுக்காடும், ஓகஸ்ட் 7 முதல் 25 விழுக்காடும் வசூலிக்கப்பட்டன. உருசிய எண்ணெய் வாங்கியதைக் காரணங்காட்டி ஓகஸ்ட் 27 முதல் இன்னுமொரு 25 விழுக்காடு சேர்ந்து, மொத்தம் 50 ஆயிற்று. இலங்கைப் பொருள்களுக்கு முதலில் 44 விழுக்காடு என்று அறிவிக்கப்பட்டு, ஓகஸ்ட் 7 முதல் 20 விழுக்காடாக நடைமுறைக்கு வந்தது. நவம்பர் 13 முதல் தேயிலை, வாசனைத் திரவியங்கள் முதலிய சில உணவுப் பொருள்களுக்கு இவ்வகைத் தீர்வையில் விலக்குக் கிடைத்தது. ஆகவே, 2025 ஒக்டோபரில் தூத்துக்குடியிலிருந்து 40,000 டொலர் பெறுமதியான அரிசியும் பலகாரங்களும் தருவித்த ஒரு கடைக்காரர், வழமையான தீர்வைக்கு மேலாக 20,000 டொலர் செலுத்தியிருப்பார். ஒரு சிறு கடைக்கு இது பல மாத வாடகைப் பணம்.

திரும்பக் கிடைக்கக்கூடியது அந்த மேலதிகத் தொகை மட்டுமே. சேலைக்கும் ஆயத்த ஆடைக்கும் முன்பிருந்தே உள்ள வழமையான தீர்வை அப்படியே நிற்கும். எஃகு, அலுமினியம் ஆகியவற்றின் மீது 1962ஆம் ஆண்டுச் சட்டத்தின் 232ஆம் பிரிவின்கீழ் விதிக்கப்பட்ட தீர்வையும் இத்தீர்ப்பில் அடங்காது. எவர்சில்வர்ப் பாத்திரங்கள் தருவித்தவர் இதனைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பின் பின்னர் 2026 பெப்ரவரி 24 முதல் 1974ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தின் 122ஆம் பிரிவின்கீழ் விதிக்கப்பட்ட 10 விழுக்காடும் வேறானதே. ஒன்றை மற்றொன்றோடு குழப்பிக் கோரிக்கை அனுப்பலாகாது.

எது எந்தத் தீர்வை என்பதை அறிய ஒரேயொரு தாள் போதும். ஒவ்வோர் இறக்குமதிக்கும் சுங்கத் தரகர் 7501 என்னும் படிவத்தைத் தாக்கல் செய்கிறார். அதில் பொருளின் வழமையான எண்ணுக்கு அருகே 9903 என்று தொடங்கும் எண்கள் காணப்படும். 9903.01, 9903.02 என்று தொடங்கும் வரிகளில் தீர்வைத் தொகை எழுதப்பட்டிருந்தால் அது இப்போது செல்லாததாகிய தீர்வை. 9903.01.25 என்பது ஏப்ரலில் வந்த 10 விழுக்காடு, 9903.01.84 என்பது உருசிய எண்ணெயின் பெயரால் இந்தியாவுக்கு வந்த 25 விழுக்காடு. 9903.81, 9903.85 என்பன எஃகுக்கும் அலுமினியத்துக்கும் உரியவை. இவ்வெண்களைப் பெரியவர்கள் மனனம் செய்ய வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்தில் கணக்கியல் படிக்கும் மகளோ மகனோ ஒரு மாலைப் பொழுதில் அட்டவணை இட்டுவிடலாம்.

ஆனால், அந்தத் தாள் நம் கையில் இருக்கிறதா என்பதே கேள்வி. நம் வணிகர் பலர் தரகரை நம்பியே தொழில் செய்கின்றனர். சரக்கு வந்ததா, கொள்கலன் விடுவிக்கப்பட்டதா, எவ்வளவு கட்ட வேண்டும் என்ற மூன்று கேள்விகளோடு பேச்சு முடிந்துவிடும். காசோலை அனுப்பியதும் பத்திரத்தைப் பற்றிய நினைவே வராது. சுங்கச் சட்டப்படி இறக்குமதிப் பதிவேடுகளை ஐந்து ஆண்டுகள் வைத்திருக்க வேண்டிய கடமை இறக்குமதியாளருடையது. அந்தக் கடமையே இப்போது அவருக்குப் பாதுகாப்பாகவும் அமைகின்றது. ஆகையால், 2025 பெப்ரவரி முதல் 2026 பெப்ரவரி வரை தம் பெயரில் நடந்த ஒவ்வோர் இறக்குமதிக்கும் உரிய 7501 படிவம், விலைப்பட்டியல், கப்பற் சரக்குப் பத்திரம், தீர்வை செலுத்திய சான்று ஆகியவற்றைத் தரகரிடமிருந்து எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும். தொலைபேசியிற் கேட்டால் "அனுப்புகிறோம்" என்பார்கள். எழுத்திற் கேளுங்கள்.

தரகரை மட்டும் சார்ந்திராமல், ஏ.சி.ஈ. எனப்படும் சுங்கத் திணைக்களத்தின் மின்னணுத் தளத்தில் சொந்தக் கணக்குத் திறப்பது இன்றியமையாதது. தம் இறக்குமதிகளின் முழு விவரத்தையும் அங்கிருந்து இறக்குமதியாளரே எடுத்துக்கொள்ள முடியும். இன்னொரு காரணமும் உண்டு. 2026 பெப்ரவரி 6 முதல் சுங்கத் திணைக்களம் மீளளிப்புத் தொகையைக் காசோலையாக அனுப்பும் வழக்கத்தை, மிகச் சில விதிவிலக்குகள் தவிர, நிறுத்திவிட்டது; ஏ.சி.எச். முறையில் வங்கிக் கணக்குக்கே பணம் செலுத்தப்படுகின்றது. வங்கி விவரத்தை ஏ.சி.ஈ. தளத்தில் பதியாதவருக்குப் பணம் ஒதுக்கப்பட்டாலும் அது போய்ச் சேர இடமில்லை. அதிகாரிகள் பதிந்து வைத்துள்ள வணிகப் பெயர், முகவரி, வரி எண் ஆகியன இன்றைய நிலையோடு பொருந்துகின்றனவா என்றும் பார்க்க வேண்டும். தந்தை பெயரில் தொடங்கிய கடை பின்னர் நிறுவனமாகப் பதிவானபோது, சுங்கத்தில் பழைய பெயரே கிடக்கும் சந்தர்ப்பங்கள் நம்மிடையே ஏராளம்.

காலக்கெடுவைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. ஏமாற்றம் பெரும்பாலும் இங்கேதான் நிகழும். சரக்கு நுழைந்த நாளில் செலுத்தும் தீர்வை ஒரு முற்பணமே. அதன்பின் சுங்கத் திணைக்களம் கணக்கை இறுதியாக்கும். இதனை லிக்விடேசன் என்பர். வழமையாக இது நுழைந்த நாளிலிருந்து 314ஆம் நாளளவில் நடைபெறும். இறுதியான கணக்கை ஏற்க மறுப்பவர் 180 நாட்களுக்குள் ஆட்சேபணை மனுத் தாக்கல் செய்ய வேண்டும். வழமையான கணக்கின்படி 2025 ஏப்ரல் 5இல் வந்த சரக்கின் கணக்கு 2026 பெப்ரவரி 13 அளவில் முடியும். ஆட்சேபணைக்கான நாள் ஓகஸ்ட் 12 அளவில் முடியும். கணக்கு இன்னும் முடியாத சரக்குகளுக்கு, தரகர் வழியாகப் பதிவைத் திருத்தும் எளிய நடைமுறை ஒன்றும் சுங்கத்தில் உண்டு. அதற்கும் தனிக் காலவரம்பு இருக்கின்றது. 2,500 டொலருக்குக் குறைந்த சிறு சரக்குகளுக்கோ தீர்வை செலுத்தும்போதே பெரும்பாலும் கணக்கு முடிந்துவிடும். ஆகவே, அவற்றின் 180 நாட்கள் அன்றே ஓடத் தொடங்கிவிடும். வணிக நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடுக்கும் வழியும் உண்டு. அதற்குரிய காலவரம்பு இரண்டு ஆண்டுகள். மீளளிப்பு எந்த வழியில் நடந்தாலும், நாள் தவறவிடாதவர் நிலையே வலுவானது. நீதிமன்றமும் சுங்கமும் வெளியிடும் அறிவிப்புகளை வாட்ஸ்அப் செய்திகளிலிருந்து அல்லாமல் அவற்றின் சொந்தத் தளங்களிலிருந்தே வாசியுங்கள். அதிகமாகச் செலுத்திய தொகைக்குச் சட்டப்படி வட்டியும் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

யாருக்குப் பணம் திரும்பும் என்பதில் நம்மவரிடையே பெருங்குழப்பம் நிலவுகின்றது. விலையுயர்வைச் சுமந்தவருக்கு அன்று. 7501 படிவத்தில் இறக்குமதியாளராகப் பெயர் எழுதப்பட்டவருக்கே அது திரும்பும். நியூ ஜேர்சியிலுள்ள மொத்த வணிகரிடம் பொருள் வாங்கிய சிறு கடைக்காரர் சுங்கத்திடம் நேரடியாக எதையும் கோர முடியாது. ஆனால், மொத்த வணிகர் தந்த விலைப்பட்டியலில் "டரிஃப்" என்று தனி வரியிற் பணம் அறவிடப்பட்டிருந்தால், அதே வரியைக் காட்டித் தம் பங்கைக் கேட்க வலுவான நியாயம் அவருக்கு உண்டு. அப்பட்டியல்களை எறிந்துவிடாதீர்கள். திரும்பி வரும் பணத்தில் ஒரு பங்கு தரப்படும் என்று இப்போதே ஒரு கடிதத்தில் ஒப்பம் பெறுவது, பின்னர் முகம் கோணிப் பேசுவதிலும் நல்லது.

இதே கேள்வி கடலுக்கு அப்பாலும் நீள்கின்றது. 2025இன் பிற்பகுதியில் திருப்பூர் ஏற்றுமதியாளர் பலர் அமெரிக்கக் கொள்வனவாளருக்கு விலைக் கழிவு கொடுத்தே தம் கட்டளைகளைத் தக்கவைத்துக் கொண்டனர். தீர்வையின் ஒரு பகுதியை உண்மையிற் சுமந்தவர் அவர்களும் அவர்களிடம் வேலை செய்த தையற் தொழிலாளருமே. கழிவை வாங்கிக்கொண்டவர் இப்போது முழுத் தீர்வையையும் மீளப் பெறுவாரானால், அவர் ஒரே செலவுக்கு இருமுறை ஈடு பெற்றவராகிறார். சட்டம் இதனைத் தடுக்கவில்லை. ஆயினும், நம் வணிகரிற் சிலர் ஊரிலுள்ள உறவினரிடமும் நண்பரிடமுமே சரக்கு வாங்குகின்றனர். அவர்கள் இதனைச் சட்டத்தின் அளவோடு நிறுத்திக்கொள்ளலாகாது என்பது எம் கருத்து. மறுபுறம், வீட்டு வாயில் வரை தீர்வை உட்பட அனுப்புவதாக ஒப்பந்தம் செய்து, தாமே இறக்குமதியாளராகப் பதிவுசெய்துகொண்ட ஏற்றுமதியாளரும் உளர். அவர்களுக்குக் கோரும் உரிமை நேரடியாகவே உண்டு. இது அவர்களிற் பலருக்குத் தெரியாது. இச்செய்தியை ஊருக்கு எழுதுங்கள்.

ஆலயங்களும் தமிழ்ப் பள்ளிகளும் இறக்குமதியாளர் என்ற வகையில் தம்மை எண்ணிப் பார்ப்பதில்லை. திருவிழாவுக்கு வந்த பட்டு, பூசைப் பாத்திரங்கள், நடனப் பள்ளிக்கு வந்த சலங்கையும் உடையும் யாவும் யாரோ ஒருவர் பெயரிற் பதிவாகியே வந்தன. தன்னார்வத் தொண்டராக இருந்த ஒரு நிர்வாக உறுப்பினரின் சொந்தப் பெயரில் பதிவாகியிருந்தால், பணம் அவர் கணக்குக்கே போகும். அவ்வாறு நேரும்போது அது பொதுப் பணம் என்பதற்கு நிர்வாகக் குழுவின் குறிப்பேட்டில் இப்போதே ஒரு தீர்மானம் எழுதி வைத்துவிட்டால் நாளை சச்சரவு எழாது. புத்தகங்களுக்கு வேறொரு நியாயம் உண்டு. நூல்கள், இசைத்தட்டுகள், ஒளிப்படங்கள் முதலிய தகவற் சாதனங்களை அந்த 1977ஆம் ஆண்டுச் சட்டமே தன் கட்டுப்பாட்டிலிருந்து விலக்கி வைத்திருந்தது. தீர்வை ஆணைகளும் அவ்விலக்கை ஏற்றிருந்தன. சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த தமிழ்ப் பாடநூல்களுக்கு அத்தீர்வை அறவிடப்பட்டிருந்தால், தீர்ப்பு வருவதற்கு முன்னரே அது பிழைதான்.

பெற்றோர் அனுப்பிய பொதிகளின் கதை சற்றுத் துயரமானது. 800 டொலர் வரை தீர்வையின்றி வந்த சலுகை 2025 ஓகஸ்ட் 29உடன் எல்லா நாடுகளுக்கும் நிறுத்தப்பட்டது. அதற்குச் சில நாட்கள் முன்பே அமெரிக்காவுக்கான பெரும்பாலான பொதிகளை ஏற்பதை இந்திய அஞ்சல்துறை நிறுத்தியது. ஒக்டோபர் 15இல் மீண்டும் ஏற்கத் தொடங்கியபோது, பொருளின் பெறுமதியில் 50 விழுக்காட்டை அனுப்புபவரிடமே முன்கூட்டி வாங்கியது. பேரப்பிள்ளைக்குத் தீபாவளிச் சட்டை அனுப்பிய பாட்டி, அமெரிக்க அரசின் தீர்வையைத் தஞ்சாவூர் அஞ்சலகத்திற் கட்டினார்! அவர் பெயர் எந்த அமெரிக்கப் பதிவேட்டிலும் இறக்குமதியாளராக இல்லை. தனியார் கூரியர் வழி வந்த பொதிகளிலும் சிலவற்றில் அந்நிறுவனமே இறக்குமதியாளராகப் பதிவாகியிருக்கும். அத்தகைய நிலையில் கோர வேண்டியது அந்நிறுவனத்திடமே. பொதி எண்ணும் பணம் கட்டிய சீட்டும் இல்லாமல் எந்த வழியும் திறக்காது என்பதால், அனுப்பிய உறவினரிடம் அச்சீட்டின் படத்தையாவது கேட்டு வாங்கி வையுங்கள்.

மீளளிப்பு உரிமையை விலைக்கு வாங்குவோரைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். வழக்கு நடந்துகொண்டிருந்த 2025இலேயே முதலீட்டு நிறுவனங்கள் சில, ஒரு டொலருக்கு இருபது முப்பது சதம் வீதம் கொடுத்து இவ்வுரிமைகளை வாங்க முன்வந்தன. முன்னர் குறிப்பிட்ட கடைக்காரர் அவ்வாறு விற்றிருந்தால் 20,000 டொலருக்கு 5,000 டொலரோடு முடித்திருப்பார். கையிற் பணமின்றிக் கடையை மூடும் நிலையிலிருந்தவர் விற்றதில் தவறு காண எமக்கு உரிமையில்லை. ஆயினும், தீர்ப்பு வந்த பின்னர் அந்த விலைக்கு விற்பது அறியாமையன்றி வேறில்லை. "எல்லாவற்றையும் நாங்களே செய்து தருகிறோம், மூன்றிலொரு பங்கு எங்களுக்கு" என்று வருவோரிடமும் நிதானம் தேவை. பத்துப் பன்னிரண்டு பதிவுகள் மட்டுமே உள்ள ஒருவரின் வேலையை, வழமையான தரகரே ஒரு சிறு கட்டணத்துக்குச் செய்து முடிக்கக்கூடும். சுங்கத்திலிருந்து பேசுவதாகக் கூறித் தொலைபேசியில் வங்கி எண் கேட்பவர் எவராயினும் அவர் மோசடிக்காரர் என்றே கொள்ளுங்கள். வங்கி விவரம் பதியப்படுவது இறக்குமதியாளரின் சொந்த ஏ.சி.ஈ. கணக்கில் மட்டுமே.

பணம் வந்த பின்னர் வருமான வரிக் கணக்கும் உண்டு. 2025ஆம் ஆண்டின் செலவாகத் தீர்வையைக் காட்டி வரி குறைத்தவருக்கு, திரும்பி வரும் தொகை அது கிடைக்கும் ஆண்டின் வருமானமாகும், வட்டியும் அவ்வாறே. தொகை முழுவதையும் புதிய சரக்கில் இடுவதற்கு முன்னர் கணக்காளரிடம் ஒரு சொல் கேட்பது நன்று.

இளையோரிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் பெற்றோர் இந்த நாட்டின் மொழியில் வணிகம் நடத்தக் கற்றுக்கொண்டனர். இந்த நாட்டின் அலுவலகத் தாள்களோடு மல்லுக்கட்டப் பலருக்கு நேரம் வாய்க்கவில்லை. கடையின் பின்னறையிலுள்ள அட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொரு பதிவின் 11 இலக்க எண்ணையும், நுழைந்த நாளையும், 9903 வரியிலுள்ள தொகையையும், கணக்கு முடிந்ததா இல்லையா என்பதையும் ஒரு தாளில் வரிசைப்படுத்துங்கள். காணாமற்போன பத்திரங்களின் பட்டியலைத் தரகருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். 2025 ஒக்டோபர் 10இல் வந்த கொள்கலனின் கணக்கு, வழமைப்படி முடிந்தால், 2026 ஓகஸ்ட் 20 அளவில் முடியும். அதிலிருந்து 180ஆம் நாள் 2027 பெப்ரவரி 16. இவ்வாறு உங்கள் கடையின் ஒவ்வொரு சரக்குக்கும் உரிய நாளைக் கணித்து, கல்லாப்பெட்டிக்கு மேலே தொங்கும் நாட்காட்டியில் இன்றே சிவப்பு மையால் குறித்து வையுங்கள்.